பிரேக் டீச்சரின் பன்னிரண்டு மாடல்

அத்தை மருந்துக் கடையிலிருந்து ஒற்றைச் செருப்போடு வெளியே வந்தாள். இடது கால் செருப்பு கடைப் படியிலேயே கழன்று கிடந்தது. மத்தியான வெயில், கால் வைக்க முடியாத தார் ரோடு. அதைக் கடந்து, எதிர்ப்பக்கம் இருக்கும் அப்பாவின் மூக்குக் கண்ணாடிக் கடை வரைக்கும் சாவகாசமாக நடந்து வந்துவிட்டாள். மருந்துக் கடைக்காரர் செருப்பைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடி வந்தார்.

"பிரேக் டீச்சர்! இது உங்களோடதுதானே?"

அத்தை குனிந்து காலைப் பார்த்தாள். பார்த்த பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. பாதத்தின் அடியில் தார் ஒட்டிக் கருத்திருந்தது. கட்டைவிரலுக்குக் கீழே தோல் சிவந்திருந்தது. "அட, ஆமா," என்று வாங்கிப் போட்டுக்கொண்டாள். அப்பா கண்ணாடிப் பெட்டிகளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பல ஊர்களைச் சுற்றிவிட்டு நான் வீடு திரும்பி ஒரு வாரம்கூட ஆகவில்லை. அத்தையின் காலைப் பற்றிப் போனில் யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை.

செருப்பைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்தவள், அதே மூச்சில் சொன்னாள்: "அண்ணே, நான் கார் வாங்கப் போறேன். ரெண்டு சீட்டு வண்டி. தவளை."

கடையில் ஒரு பெரியவர் சோதனைக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்துப் பலகையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவர்தான் முதலில் பதில் சொன்னார்.

"சிவப்பு வாங்குங்க. எனக்கே கண்ணுல படும்."

தவளை என்பது ஒரு ஸ்போர்ட்ஸ் காருக்கு எங்கள் பக்கத்து ஆட்கள் வைத்த பெயர். தரையோடு பதுங்கிய உடம்பு, துருத்திய இரண்டு விளக்கு, மடக்கி வைக்கிற துணிக்கூரை. கம்பெனி வைத்த பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. அது புதிதாக வருவது நின்றுபோய்விட்டது. வாங்கினால் பழையதுதான் வாங்க வேண்டும். அங்கேதான் தகராறு. அதில் மூன்று மாடல் உண்டு. இரண்டாயிரத்துப் பன்னிரண்டாம் வருஷத்து வண்டிதான் முதலில் வந்தது: கல் மாதிரி கிளட்ச், திருப்பத் திருப்பத் தோள் வலிக்கிற ஸ்டீயரிங், இன்ஜின் மடியில் உட்கார்ந்து உறுமுவது போலச் சத்தம். ஜனங்கள் திட்டித் தீர்த்த பிறகு பதினைந்தில் கிளட்ச்சைப் பூவாக்கினார்கள், ஸ்டீயரிங்குக்கு மோட்டார் வைத்தார்கள், தரைக்கடியில் கனமான பாய் ஒட்டிச் சத்தத்தை அமுக்கினார்கள். பதினெட்டில் கிளட்ச்சையே எடுத்துவிட்டார்கள். கியர் தானாக மாறிக்கொள்ளும். பழைய கார் புரோக்கர்கள் எல்லாரும் ஒரே குரலில் சொல்வது, பதினைந்து மாடல் தங்கம், பன்னிரண்டு பக்கம் தலைவைத்தும் படுக்காதே.

அப்பா பெரியவரின் கண்முன் ஒரு லென்ஸை எடுத்து வேறொன்றைச் செருகினார். "இதுவா தெளிவா இருக்கு, முன்னாடி போட்டதா?" என்று அவரைக் கேட்டுவிட்டு, தலையைத் திருப்பாமலே அத்தையிடம் சொன்னார்: "பதினெட்டு வாங்கு. மத்த ரெண்டுலயும் கிளட்ச் இருக்கு."

"கிளட்ச் இருக்கிறதுக்குத்தான் வாங்கறேன்."

"சின்னவ, செருப்பு போனதே தெரியல உனக்கு. கிளட்ச் தெரியுமா?"

அப்பா லென்ஸைக் கீழே வைத்தார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இதே கால் வேற ஒருத்தருக்கு இருந்து, அவங்க உன்கிட்ட கத்துக்க வந்திருந்தா, லைசென்ஸ் டெஸ்ட்டுக்கு அனுப்புவியா?"

பொய் சொல்ல வராது அவளுக்கு, அதுவும் இந்த விஷயத்தில்.

"அனுப்ப மாட்டேன்," என்றாள்.

"பழசே தேவலை," என்றார் பெரியவர். லென்ஸைச் சொன்னார்.

*

அத்தை முப்பது வருஷத்துக்கு மேல் டிரைவிங் ஸ்கூலில் வேலை பார்த்தவள். போனை எடுக்கவும் பில் போடவும்தான் சேர்ந்தாள். பெண் டீச்சர் இருந்தால்தான் வருவோம் என்று இரண்டு நர்ஸுகள் அடம்பிடித்ததில், முதலாளி அவளை வண்டியில் ஏற்றிவிட்டார். அதற்குப் பிறகு அவள் மேஜைக்குத் திரும்பவே இல்லை.

டிரைவிங் ஸ்கூல் காரில் பக்கத்து சீட்டுக்கும் தனியாக ஒரு பிரேக்கும் ஒரு கிளட்ச்சும் இருக்கும். கற்றுக்கொள்கிறவர் தப்புச் செய்தால் டீச்சர் அங்கிருந்தே மிதிப்பார். அத்தை மிதிக்கிற வேகத்தில் பலருக்கு நெற்றி வீங்கியிருக்கிறது. பிரேக் டீச்சர் என்ற பெயர் அப்படி வந்தது. கல்யாணம் ஏன் பண்ணிக்கொள்ளவில்லை என்று கேட்பவர்களுக்கு அவள் ஒரே பதில்தான் வைத்திருந்தாள்: "பக்கத்து சீட்டுல உட்கார்ந்து பிரேக் போடறதுக்கு எனக்குச் சம்பளம் தர்றாங்க. ஓசியில எதுக்குப் போடணும்?"

அவளிடம் இரண்டு பழக்கம் உண்டு. முதல் நாள் பாடத்தில் ஓட்டச் சொல்ல மாட்டாள். இன்ஜினைப் போட்டு, கண்ணை மூடச் சொல்லி, கிளட்ச்சை இம்மி இம்மியாக விடச் சொல்வாள். ஓர் இடத்தில் இன்ஜின் சத்தம் இறங்கும். கார் மூக்கை லேசாகத் தூக்கும். "அதுதான் கிளட்ச் பிடிக்கிற இடம். காலுக்குச் சொல்லி வை," என்பாள். கால் அதைக் கற்றுக்கொள்ளும் வரை கார் ஓர் அடி நகராது.

இன்னொன்று, ஒரே மேட்டில் மூன்று தடவை வண்டி ஆஃப் ஆகிவிட்டால் அன்றைக்குப் பாடம் முடிந்தது. திட்டு கிடையாது, சமாதானமும் கிடையாது. "இறங்கு. தண்ணி குடி. சீட் மாத்திக்கலாம்." அவ்வளவுதான். அழுதவர்கள் உண்டு, கெஞ்சியவர்கள் உண்டு. எனக்கும் அது நடந்திருக்கிறது, சொந்த அண்ணன் மகள் என்றும் பார்க்காமல்.

இத்தனை பேரை ரோட்டில் இறக்கிவிட்டவள், சாயந்திரம் ஸ்கூல் காரை ஷெட்டில் விட்டுவிட்டு பஸ்ஸில்தான் வீட்டுக்கு வருவாள். சொந்தமாக வண்டி வைத்துக்கொண்டதில்லை. வேண்டும் என்று தோன்றியதும் இல்லையாம். ஒரு பல் டாக்டர் அம்மா, தன் சொந்த வண்டியிலேயே பழக வேண்டும் என்று கூப்பிட்ட வரைக்கும். அது ஒரு தவளை. அதில் பக்கத்து சீட்டில் பிரேக்கும் இல்லை, கிளட்ச்சும் இல்லை. வேலையில் சேர்ந்ததற்குப் பிறகு முதல்முறையாக அத்தையின் காலுக்கு வேலை இல்லாமல் போயிற்று. கால் நீட்டி உட்கார்ந்தாள். கூரை மடங்கியிருந்தது. அந்த அம்மா ஒழுங்காகவே ஓட்டினாள். "முதுகுல இன்ஜின் பேசிச்சுடி," என்று அத்தை எனக்கு அப்போது போன் பண்ணினாள். நான் எங்கேயோ ஒரு துறைமுகத்தில் கப்பல் கேண்டீனில் தட்டு கழுவிக்கொண்டிருந்தேன். அவள் ஒரு வண்டியைப் பற்றி அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை.

பக்கத்து சீட்டில் உடம்பை ஓட்டுகிறவர் பக்கம் முறுக்கிக்கொண்டு, கால்களை மிதித்தும் மிதிக்காமலும் தூக்கிப் பிடித்தபடி இத்தனை வருஷம் உட்கார்ந்ததற்கு இடுப்பு தன் கணக்கைத் தீர்த்தது. முதுகெலும்பில் ஒரு தட்டு விலகி நரம்பை அழுத்தியது. ஆபரேஷன் ஆயிற்று. வலி போனது; அதோடு இடது பாதத்தின் உணர்ச்சியும் போனது. தொடையும் முழங்காலும் நன்றாக இருக்கின்றன, வலது காலுக்கு ஒரு குறையும் இல்லை என்றார் டாக்டர். இடது காலில் இப்போதைக்குப் பலம் இருக்கிறது, எவ்வளவு நாளைக்கு என்று தன்னால் சொல்ல முடியாது என்றும் சொன்னார். ஸ்கூல் முதலாளி மாலை போட்டு, சுவர்க் கடிகாரம் ஒன்று கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்.

"எத்தனையோ பேருக்குக் கிளட்ச் சொல்லிக் கொடுத்தேன்," என்றாள் அத்தை என்னிடம், அன்று கடையிலிருந்து திரும்பும்போது. "மத்தவங்க தப்பைத் திருத்தத்தான் மிதிச்சிருக்கேன். நானா ஒரு வண்டியக் கிளப்பிக்கிட்டு, எனக்குன்னு ஒரு இடத்துக்குப் போனதில்ல. கால் மொத்தமா போறதுக்குள்ள ஒரு தடவை போயிடணும்."

"எங்க போவீங்க அத்தை?"

"நீ எங்க போறேன்னு தெரிஞ்சா போன? சும்மா வா."

எனக்கு வேலை இல்லை. வீட்டில் இருப்பும் கொள்ளவில்லை. வண்டி பார்க்க அவளோடு நான் அலைந்தது அப்படித்தான்.

*

முதலில் பதினைந்து மாடலைப் பார்த்தோம். புரோக்கர் வாயெல்லாம் பல்லாக வரவேற்றார். "மேடம், நீங்க என் மச்சானுக்குச் சொல்லிக் கொடுத்தீங்க. ரெண்டு பல்லு ஆடிப்போச்சு அவனுக்கு. ஆனா இன்னிக்கு வரைக்கும் ஒரு கீறல் கிடையாது."

வெள்ளி நிறம், உள்ளே தோல் சீட், சாவியைத் திருப்பினால் இன்ஜின் ஓடுகிறதா என்று சந்தேகமாக இருந்தது. இரண்டே சீட் என்பதால் புரோக்கர் கீழே நின்றுவிட்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். சமதரையில் சிரமமே இல்லை. வண்டி ஒரு தடவை குலுங்கியது, அவ்வளவுதான். அத்தை நேராகத் தொட்டி மேட்டுக்கு விட்டாள்.

தொட்டி மேடு என்பது தண்ணீர்த் தொட்டிக்கு ஏறுகிற செங்குத்தான சின்ன ரோடு. எங்கள் பக்கத்தில் வண்டி பழகுகிற எல்லாரும் அங்கேதான் வியர்த்திருக்கிறார்கள். பாதி மேட்டில் நிறுத்தி, பின்னால் உருளாமல் கிளப்ப வேண்டும்.

அத்தை பாதியில் நிறுத்தினாள். கிளட்ச்சை விட்டாள். வண்டி துள்ளி ஆஃப் ஆனது.

"லேசா இருக்கு. பஞ்ச மிதிக்கிற மாதிரி," என்றாள். மறுபடியும் இன்ஜினைப் போட்டாள். இந்தத் தடவை மெதுவாக விட்டாள், மிக மெதுவாக. ஆனால் கிளட்ச் பிடிக்கிற இடத்தைக் கால் தாண்டிப் போனது அதற்குத் தெரியவில்லை. மறுபடி ஆஃப்.

மூன்றாவது தடவை பயந்துபோய்க் கிளட்ச்சை விடாமலே பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட்டாள். வண்டி பின்னால் உருளத் தொடங்கியது. கீழே ஒரு தள்ளுவண்டி நின்றுகொண்டிருந்தது.

"பிரேக்! பிரேக் போடு!" என்று அத்தை கத்தினாள்.

பக்கத்து சீட்டிலிருந்து கத்திப் பழகிய குரல். ஓட்டுகிற சீட்டில் இருப்பது தான்தான் என்பது அந்த நொடியில் அவளுக்கு நினைவில் இல்லை. நான் வெறுந்தரையை மிதித்தேன். அவளுடைய வலது கால், யாரோ அதட்டியதற்குப் பணிந்த மாதிரி, பிரேக்கில் இறங்கியது. வண்டி நின்றது, இடது கால் கிளட்ச்சிலிருந்து நழுவி இன்ஜினும் நின்றது.

அவள் ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள், கதவைத் திறந்தாள், சுற்றிக்கொண்டு என் பக்கம் வந்து நின்றாள்.

"மூணாச்சு. இறங்கு, சீட் மாத்திக்கலாம்."

பையிலிருந்த பாட்டிலை எடுத்துத் தண்ணீர் குடித்தாள். பாதி தாடையில் வழிந்தது. புரோக்கர் கொட்டகை வரைக்கும் நான்தான் ஓட்டினேன். வழியில் அவள் நான் ஓட்டியதில் ஒரு குற்றம்கூடச் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

*

அப்பா பதினெட்டு மாடல் ஒன்றைத் தயாராகப் பார்த்து வைத்திருந்தார். பல் டாக்டர் அம்மாவின் சொந்தக்காரர் வண்டிதான் அது, நல்ல நீலம். அத்தை ஓட்டிப் பார்த்தாள். தொட்டி மேட்டில் ஏறினாள், நிறுத்தினாள், கிளப்பினாள். ஒரு குறையும் இல்லை.

"எப்படி இருக்கு?" என்றார் அப்பா.

"லிப்ட் மாதிரி இருக்கு. பட்டனை அமுக்கினா போகுது."

"லிப்ட்ல ஏறி யாரும் கால உடைச்சுக்கிட்டதில்ல."

"சரிண்ணே. இதையே எடுத்துக்கறேன்," என்றாள் அத்தை. அப்பா சந்தோஷத்தில், வீட்டுக்கு முன்னால் மழையில் நனைந்து கிடந்த பழைய அலமாரியை அன்றைக்கே அகற்றி வண்டிக்கு இடம் பண்ணினார். அத்தை ஜன்னலருகே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கையால் இடது பாதத்தைப் பிடித்து, ஒவ்வொரு விரலாக அழுத்தி அழுத்திப் பார்த்தாள். அடகு வைக்கப் போகிற நகையைப் பார்ப்பது போல இருந்தது அது.

அதற்கு முன்பே ஒரு சலவைக் கடைக்காரரிடம், பன்னிரண்டு மாடலைப் பார்க்க வருவதாக நான் சொல்லி வைத்திருந்தேன். வேண்டாம் என்று போன் பண்ணிவிடலாமா என்று கேட்டேன்.

"வர்றோம்னு சொல்லிட்டு வராம இருக்கறதா? அவர் வேலைய விட்டுட்டுக் காத்திருப்பாரு. போய் முகத்தக் காட்டிட்டு வருவோம்," என்றாள்.

சலவைக் கடை ஒரு சந்தில் இருந்தது. பின்கட்டில், ஆவி பறக்கிற இஸ்திரி மேஜைகளுக்கு நடுவே, வெள்ளைத் துணி போர்த்தி அந்த வண்டி நின்றது. சிவப்பு. கூரைத் துணியில் இரண்டு ஒட்டு. உள்ளே கஞ்சி போட்ட துணியின் வாசம்.

"என் வீட்டுக்காரிக்கு இது ஆகல மேடம்," என்றார் கடைக்காரர். "இதுல ஏறணும்னா விழணும், இறங்கணும்னா நாலு பேர் தூக்கணும், சத்தத்துல நான் திட்டுறதுகூட உனக்குக் கேக்கலங்கறா. அதுக்குத்தானடி வாங்கினேன்னு சொன்னேன். அன்னிலேர்ந்து வண்டியா நானான்னு நிக்கறா."

அத்தை சிரித்தாள். முகத்தைக் காட்டிவிட்டுப் போக வந்தவள், மரியாதைக்காக உள்ளே இறங்கி உட்கார்ந்தாள். சாவியைத் திருப்பினாள்.

மேஜைமேல் அடுக்கியிருந்த ஹேங்கர்கள் கிணுகிணுத்தன. சீட் நடுங்கியது. அத்தையின் சிரிப்பு நின்றது.

"கொஞ்சம் அந்த ஃபேனை நிறுத்துங்க," என்றாள்.

கடைக்காரர் நிறுத்தினார். "இன்ஜின்ல ஒண்ணும் கோளாறு இல்ல மேடம், இதோட குரலே—"

"நீங்களும் கொஞ்சம் நிறுத்துங்க."

அவள் கண்ணை மூடினாள். கிளட்ச்சை அடிவரை மிதித்தாள். அதன் கனத்தில் அவள் தொடை இறுகுவது சேலைக்கு மேலேயே தெரிந்தது. பிறகு விட ஆரம்பித்தாள். உதடு அசைந்தது. என்ன சொல்கிறாள் என்று குனிந்து கேட்டேன்.

"மெதுவாம்மா. இன்னும் கொஞ்சம். தொடை என்ன சொல்லுது? கனம் குறையுதா? சத்தத்தக் கேளு. கேளு. ஆ, இறங்குது பாரு. நில்லு. அங்கயே நில்லு."

வண்டி தவளை மாதிரியே மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. ஆஃப் ஆகவில்லை. அத்தை கண்ணைத் திறக்கவில்லை. மறுபடி அடிவரை மிதித்தாள், மறுபடி விட்டாள். அதே இடத்தில் நிறுத்தினாள். பிறகு இன்னொரு தடவை. முதல் நாள் பாடத்தை, எழுத்துப் பிசகாமல், தன் காலுக்கே எடுத்துக்கொண்டிருந்தாள்.

பதினைந்து மாடலில் எல்லாவற்றையும் இதமாக்கி வைத்திருந்தார்கள். கிளட்ச்சின் கனத்தை எடுத்தார்கள். தொடைக்குச் சேதி போகவில்லை. சத்தத்தை அமுக்கினார்கள், காதுக்கும் போகவில்லை. பாதம் ஒன்றுதான் மிச்சம், அது செத்துப்போயிருந்தது. எல்லாரும் திட்டித் தீர்த்த இந்த வண்டி, திட்டு வாங்கிய அந்தக் குணங்களாலேயே, முதுகிலும் தொடையிலும் காதிலும் அவளோடு பேசியது. பாதத்தை அது நம்பியிருக்கவில்லை.

கடைக்காரர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "மேடத்துக்கு உடம்புக்கு ஏதாவது?"

"காலுக்குப் பாடம் நடக்குது," என்றேன்.

*

நீல வண்டி வேண்டாம், சிவப்பைத்தான் வாங்குகிறேன் என்று அத்தை சொன்னதில், அப்பா இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் சாப்பாட்டு மேஜையில், தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"நான் கேட்ட கேள்விக்குப் பதில் மாறிடுச்சா?"

"இல்ல," என்றாள் அத்தை. "இந்தக் கால இப்ப டெஸ்ட்டுக்கு அனுப்ப மாட்டேன். கிளாஸ் பாக்கி இருக்கு. நானே எப்ப சரின்னு சொல்றேனோ அப்பதான் மெயின் ரோடு."

"டீச்சரும் நீ, கத்துக்கிறவளும் நீயா? பேஷ்."

"எனக்குத் தெரிஞ்ச டீச்சர்லயே ரொம்பக் கறாரான ஆளைத்தான் வச்சிருக்கேன்."

வண்டியைச் சலவைக் கடையிலிருந்து நான்தான் ஓட்டி வந்தேன். மூடிக் கிடந்த பஸ் டிப்போவின் திடலுக்குத் தினமும் காலையில் நான் ஓட்டிப்போய் விட்டுவிட்டு, சுவரோரம் உட்கார்ந்துகொள்வேன். அத்தை மட்டும் வண்டியில் இருப்பாள். கூரை மடங்கியிருப்பதால் அவள் குரல் எனக்குக் கேட்கும். ஸ்கூலில் யாரையும் அவள் அவ்வளவு கடுமையாக வறுத்ததில்லை. "எத்தனை தடவை சொல்றது? நீ பாட்டுக்கு விடக்கூடாது. தொடையக் கேளு, அப்புறம் விடு." சில நாள் "நேத்தைக்கு இன்னிக்குத் தேவல" என்பாள். சில நாள் பாடத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு இறங்கி, தண்ணீர் குடித்துவிட்டு, சாவியை என்னிடம் நீட்டுவாள். பத்து ஊர் பார்த்தவள் நான். ஓரிடத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் எனக்குக் கால் அரிக்கும். அந்தச் சுவரோரம் மாதக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறேன்.

வெயில் குறையத் தொடங்கிய காலத்தில், ஒரு நாள் அத்தை கடைக்கு வந்து அப்பாவைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, வண்டியில ஏறு. தொட்டி மேட்டுக்குப் போலாம்."

அப்பா உடம்பை மூன்றாக மடித்து உள்ளே போனார். இரண்டே சீட் என்பதால் நான் முன்னதாகவே நடந்து போய் மேட்டின் நடுவில் ஓரமாக நின்றுகொண்டேன். சிவப்பு வண்டி உறுமிக்கொண்டு வந்து எனக்கு நேராக நின்றது. பின்னால் ஒரு லாரி வந்து ஹாரனை அழுத்தியது. அப்பா இரண்டு கையாலும் கதவைப் பிடித்திருந்தார்.

"பதறாத. அவங்க அடிச்சுக்கிட்டே இருக்கட்டும்," என்றாள் அத்தை.

"நான் பதறலயே," என்றார் அப்பா.

"உன்னச் சொல்லல. நீ சும்மா இரு. இவகிட்டப் பேசறேன்." முழங்காலைத் தட்டினாள். "மெதுவாம்மா. கேளு. இறங்குதா? நில்லு... இப்ப."

வண்டி ஒரு விரல்கூடப் பின்னால் போகவில்லை. மூக்கைத் தூக்கி மேலே ஏறிப் போனது. லாரிக்காரர் ஹாரனை நிறுத்திவிட்டுப் பார்த்தார். நான் மேலே ஓடிப்போய்ச் சேர்ந்தபோது அப்பா வண்டியிலிருந்து இறங்க முயன்று, முடியாமல் பாதியில் நின்றுகொண்டிருந்தார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். அது அழுக்காக இல்லை.

"அனுப்பலாம்," என்றார். "முதல்ல என்னைத் தூக்கி விடுங்க."

*

அத்தை எங்கெங்கோ போனாள். கேட்டால் சொல்ல மாட்டாள். காலையில் கிளம்பி, மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவாள். தலைமுடி ஒரு பக்கமாகப் பறந்து நிற்கும். ஒருநாள் வண்டியின் மிதியடியில் கடல் மணல் இருந்தது. இன்னொரு நாள் பின்னால் ஒரு ரோஜாச் செடி. என்னைக் கூட்டிப்போவது அபூர்வம். "உனக்கென்ன, நீ எல்லாத்தையும் பாத்துட்ட," என்பாள். நானும் கேட்கவில்லை. தனியாகப் போவது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும்.

ஒரு மழைக்காலம் போனது. அடுத்த மழைக்கு முன்னால், மாடிப்படி ஏறும்போது அவள் இடது முழங்கால் ஒன்றிரண்டு தடவை மடங்குவதைக் கவனித்தேன். அவளும் கவனித்திருக்க வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை, "நீயும் வா," என்றாள்.

நேராகத் தொட்டி மேடு. பாதியில் நிறுத்தினாள். தூறல் விட்டிருந்தது, ரோட்டில் யாரும் இல்லை. கிளட்ச்சை மிதித்தாள், தொடை நடுங்கியது. "மெதுவாம்மா," என்றாள். கால் தாங்கவில்லை. பிடிக்கிற இடத்தில் நிற்க முடியாமல் நழுவியது. வண்டி துள்ளி ஆஃப் ஆனது.

இரண்டாவது தடவையும் அப்படித்தான். அவள் கடிந்துகொள்ளவில்லை. டிப்போவில் அத்தனை வறுத்தவள், அன்று ஒரு வார்த்தை கடுமையாகச் சொல்லவில்லை. கையால் தொடையைப் பிடித்துவிட்டாள், சற்று நேரம் பொறுத்தாள். மூன்றாவது தடவை இம்மி இம்மியாக விட்டாள். சத்தம் இறங்கியது, கால் அங்கேயே நின்றது. வண்டி மூக்கைத் தூக்கியது. ஒரு கணம், போய்விடும் என்றே நினைத்தேன். முழங்கால் மடங்கியது.

அவள் ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள். இன்ஜின் நின்றுபோன அந்த வண்டிக்குள், மழை நீர் கூரை ஒட்டிலிருந்து சொட்டுவது கேட்டது. நான் ஏதாவது சொல்ல வாயெடுத்தேன். "இன்னொரு தடவை" என்றுதான் சொல்லியிருப்பேன். அவள் கதவைத் திறந்து, கதவைப் பிடித்து எழுந்து, வண்டியைச் சுற்றி வந்து என் பக்கம் நின்றாள்.

"இறங்கு."

இறங்கினேன். பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தாள். இந்தத் தடவை ஒரு சொட்டு சிந்தவில்லை. மேட்டை மேலும் கீழும் ஒருமுறை பார்த்தாள். பிறகு பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, இடது காலை இரண்டு கையாலும் தூக்கி உள்ளே வைத்தாள்.

கீழே இறங்கும்போது கேட்டேன். "அத்தை, வண்டிய என்ன பண்றது? அப்பா வித்துடலாம்பாரு."

"எதுக்கு விக்கணும்? இந்த சீட்டு எனக்குப் பழகினதுதானே," என்றாள்.

வளைவு வந்தது. அவளுடைய வலது கால், அங்கே இல்லாத பிரேக்கை அழுத்தமாக மிதித்தது. நான் வேகத்தைக் குறைத்தேன்.